புது ப்ராடோவைப் பற்றி, வாங்கப் போகாதவர்களின் கருத்து

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த வண்டியை நாங்கள் யாரும் வாங்கப் போவதில்லை. எங்கள் சொந்தத்திலும் யாரும் வாங்கப் போவதில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதியைத் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதி திரும்பத் திறந்தார்கள். அதுக்குப் பிறகு மாத்தளை டவுனில் புதுசு புதுசா ஜீப் ஓடுது. அதைப் பற்றி யூடியூபில் வருகிற விமர்சனம் எல்லாம் வாங்கப் போறவங்களுக்காக எடுத்தது. கதவை மூடி சத்தம் கேட்க வைப்பாங்க, சீட்டைத் தடவிக் காட்டுவாங்க, கடைசியில் விலை. ஆனா ஒரு வண்டியின் வடிவத்தோடு காலம் தள்ளுறவங்க அதை வாங்கினவங்க மட்டும் இல்லையே. அடுத்தவங்க வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டுறவங்க இருக்காங்க. அது வரும்போது பாதையோரம் ஒதுங்கி நிற்கிறவங்க இருக்காங்க. எங்க ஊரில் இந்த ரெண்டு வகைதான் அதிகம். எங்க கருத்தும் அந்த ரெண்டு இடத்திலிருந்துதான் வருது.

நாங்க பேசப் போறது டொயோட்டா லான்ட் குரூஸர் 250, இங்கே எல்லாரும் சொல்வது போல "புது ப்ராடோ". 2023 ஓகஸ்டில் உலகத்துக்குக் காட்டினாங்க. முந்தைய ப்ராடோ 2009இல் வந்தது, உருண்டு திரண்ட உடம்பு, முகத்தில் நிறைய குரோமியம். புதுசு அதுக்கு நேர் எதிர். பெட்டி. நேர்கோடு, தட்டையான கூரை, நிமிர்ந்த கண்ணாடி. விளக்கில் ரெண்டு முகம் இருக்கு, ஒன்று வட்டம், மற்றது நீள்சதுரம். வட்ட விளக்கு வைத்ததைப் பார்த்தால் எண்பதுகளின் லான்ட் குரூஸர் திரும்பி வந்த மாதிரி இருக்கும். நிறுவனமும் அதைத்தான் சொல்லுது, ஆரம்பத்துக்குத் திரும்புறோம், மக்களின் வாழ்க்கைக்கு உதவுற எளிமையான உறுதியான வண்டி என்று.

அழகா? அழகுதான். எங்கள் மூணு பேரில் ரெண்டு பேருக்கு முதல் பார்வையிலேயே பிடித்தது, அதை மறைக்க முடியாது. மூணாவது ஆளுக்குப் பிடிக்கவில்லை. காரணம் கேட்டதுக்கு, "இது தொரையோட ஜீப் மாதிரியே இருக்கு"ன்னு சொன்னாள்.

அதில் யோசிக்க விஷயம் இருக்கு. பெட்டி வடிவ ஜீப்புக்கு உலகம் முழுக்க ஒரு ஏக்கம் இருக்கு. 1948இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வந்த லான்ட் ரோவரின் வாரிசான பழைய டிபென்டர், 2016 ஜனவரி 29ஆம் திகதி கடைசியாக உற்பத்தி ஆச்சு. 2019இல் பிராங்க்பேர்ட்டில் புது டிபென்டரைக் காட்டும்போது அந்த நினைவை வைத்துத்தான் விற்றாங்க. இங்கிலாந்துக்காரனுக்கு அந்த வடிவம் பண்ணை, மழை, நாய், தாத்தா. எங்க பாட்டிமாருக்கு அது பெரிய தொர மலைக்கு ஏறி வர்ற சத்தம். கேட்டவுடனே பேச்சு நின்று கொழுந்துக் கை வேகமாகும். அப்புறம் ஒரு காலத்தில் "டிபென்டர்" என்றாலே அரசியல்வாதியும் அவருக்குப் பின்னால் தொங்கி வருகிற ஆட்களும் என்றாகிப் போச்சு. நாடு முழுக்க எல்லா மொழியிலும் அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தம் இருந்தது. ஒரே கோடு, ஒரே பெட்டி, ஆனா பார்க்கிறவங்களைப் பொறுத்து வேற ஞாபகம். வடிவமைப்பாளர் "பாரம்பரியம்" என்று சொல்லும்போது யாருடைய பாரம்பரியம் என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கு.

ஞாபகம் ஒரு பக்கம் கிடக்கட்டும், அளவுக்கு வருவோம். பழைய ப்ராடோவின் அகலம் 1885 மில்லிமீற்றர். புதுசு 1980. கண்ணாடிகளைச் சேர்க்காமலே 95 மில்லிமீற்றர் கூட. பேப்பரில் இது நாலு விரல் அகலம். ரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் ஏறும் பாதையில், எதிரே பஸ் வரும்போது அந்த நாலு விரல்தான் முழு விஷயமும். எல்கடுவப் பக்கம் தோட்டப் பாதைகள் பல பத்தடிக்கு மேல் இல்லை. பத்தடி என்றால் சுமார் 3050 மில்லிமீற்றர். ஜீப் போக மிச்சம் ஒரு மீற்றர் சொச்சம், அதையும் ரெண்டு பக்கமாகப் பிரிக்கணும். ஸ்கூல் விட்டு வர்ற பிள்ளைகள் அந்த மிச்சத்துக்குள்ளதான் நடக்கணும், இல்லாட்டிக் கானுக்குள்ள இறங்கணும்.

எங்களுக்கு உண்மையாகவே கோபம் வருவது முகப்பில். நிமிர்ந்த, உயர்ந்த, சுவர் மாதிரியான முன்பக்கம் இப்போ எல்லா விலை கூடின ஜீப்புக்கும் ஃபேஷன். கம்பீரமாம். அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவனம் 2023 நவம்பரில் ஒரு ஆய்வு வெளியிட்டது. பொனட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் இருக்கும் வாகனங்கள் நடந்து போகிறவர்மேல் மோதினால், 30 அங்குலமோ அதுக்குக் குறைவாகவோ இருந்து சரிந்த முகமுள்ள வாகனங்களை விட, மரணம் ஏற்படும் வாய்ப்பு சுமார் 45 வீதம் கூட. காரணம் சிக்கலானது இல்ல. தாழ்ந்த கார் காலில் இடிக்கும், ஆள் பொனட் மேல் விழுவார். உயர்ந்த முகம் நெஞ்சில், தலையில் இடிக்கும், ஆள் முன்னால் தரையில் விழுவார். 40 அங்குலம் கிட்டத்தட்ட ஒரு மீற்றர். முதலாம், ரெண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது தோளுக்கும் மேல். ப்ராடோ சேருவது இந்த உயர்ந்த வகையில்தான்.

நியாயமாகச் சொல்லணும் என்றால், 250இல் ஓட்டுநரின் பார்வைக்காகக் கண்ணாடிக்குக் கீழ் உள்ள விளிம்பை முந்தைய மாடலை விட 30 மில்லிமீற்றர் அளவுக்கு இறக்கியிருக்காங்க. முன் பம்பரைத் துண்டு துண்டாகப் பிரித்திருக்காங்க, மூலையில் அடிபட்டால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். கராஜில் வேலை செய்யும் பாஸ்மாருக்கு இது நல்ல செய்தி. ஆனா பம்பரின் காயத்தை யோசித்த அளவுக்கு, பம்பருக்கு முன்னால் நிற்கிறவரின் காயத்தை யோசித்தாங்களா என்று எங்களுக்குச் சந்தேகம்.

சரி, உள்ளே ஏறுவோம். எங்களில் ஒருத்தனுடைய மாமா முப்பது வருஷமாக மற்றவர்களின் வாகனம் ஓட்டுபவர். இப்போ அவர் ஓட்டுவது ஒரு 250. முதலாளி வெளியூர் போன ஒரு நாள், வண்டி கழுவிக் காயுற நேரத்தில் எங்களை ஏற்றி உட்கார வைத்தார். ஓடவில்லை, சும்மா நின்ற இடத்தில்தான். புது வண்டி கையில் கிடைத்தால் மாமாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. நிறுத்தி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வைப்பர், விளக்கு, கண்ணாடிப் பனி எடுக்கிற பட்டன், ஹசாட், ஏசி ஒவ்வொன்றையும் கையால் தேடிப் பழகுவார். "ரிவஸ்டன்ல மிஸ்ட் எறங்கினா கண்ணு ரோட்ல இருக்கணும் தம்பி. கைக்கு தனியா ஒரு கண்ணு வேணும்" என்றார்.

ரிவஸ்டன் போனவங்களுக்கு இது விளங்கும். மேலே டவர் பக்கம் வெயில் அடிக்கும், அடுத்த வளைவில் பொனட்டே தெரியாது. வெளியே குளிர்ந்து கண்ணாடி ஆறும், உள்ளே அஞ்சு பேர் விடுகிற மூச்சின் ஈரம் அதில் படியும், சில விநாடியில் கண்ணாடி வெள்ளை. அப்போ ஏசிக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பணும், ஏசி அந்த ஈரத்தை உறிஞ்சிவிடும். இது பட்டனாக இருந்தால் ஒரு அமுக்கு. திரைக்குள் மெனுவாக இருந்தால்?

250 இந்த இடத்தில் பாஸ். பெரிய மாடல்களில் 12.3 அங்குலத் திரை இருக்கு, ஆனா ஏசிக்குத் திரைக்குக் கீழே தனியாக நிஜமான சுவிட்சுகள். கியர் பிடிக்கிற மாதிரிக் கியர். மலையில் மெதுவாக இறக்குவது, டிஃபரன்ஷல் லொக், எல்லாம் கைக்குக் கிட்டக் கூட்டி வைத்திருக்காங்க, ஒவ்வொன்றும் வேற வேற வடிவம். டாஷ்போர்டின் மேல்விளிம்பு நேராகப் படுத்திருக்கு, சரிவில் வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கு என்று ஓட்டுறவருக்கு அதை வைத்தே தெரியும். யூடியூப்காரர் ஒருத்தர் இந்த டாஷ்போர்டைப் பார்த்து "கொஞ்சம் பழசா இருக்கு" என்றார். எங்களுக்கு அதுதான் பிடித்தது.

ஏன் எல்லாரும் திரைக்கு ஓடினாங்க? திரை புதுசான ஐடியா இல்ல. 1986இல் ப்யூக் ரிவியேரா என்ற அமெரிக்கக் காரில் தொடுதிரை வந்தது. 2012இல் டெஸ்லா மொடல் எஸ் 17 அங்குலத் திரையை நடுவில் நிறுத்தினது, அதுக்குப் பிறகுதான் பெரிய திரை என்றால் உயர்தரம் என்று ஆனது. உண்மையில் முப்பது பட்டனுக்கு அச்சும் வயரும் செய்வதை விட ஒரு திரை வைப்பது மலிவு. மலிவானதை ஆடம்பரம் என்று விற்கிறது கெட்டித்தனம்தான். நம்ம நாட்டில் ஓடுகிற பிவைடி அட்டோ 3இல் திரை பம்பரம் மாதிரி நிமிர்ந்து படுக்கும், கதவுப் பையில் கிட்டார் கம்பி மாதிரி மூணு கம்பி, மீட்டினால் சத்தம் வரும். ஏறினவுடனே எல்லாரும் அதை மீட்டிப் பார்ப்பாங்க, நாங்களும் பார்த்தோம். ரெண்டாம் நாள் யார் மீட்டுவாங்க?

சுவீடனில் வி பீலேகாரே என்ற வாகனச் சஞ்சிகை 2022இல் ஒரு சோதனை செய்தது. பதினொரு புதுக் கார், கூடவே ஒரு 2005 வொல்வோ. மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் ஏசி, ரேடியோ போன்ற நாலு சின்ன வேலைகளைச் செய்யணும். பட்டன் வைத்த பழைய வொல்வோவில் 10 விநாடி. கடைசியாக வந்த எம்ஜி மார்வல் ஆரில் 44.9 விநாடி, அதற்குள் கார் 1372 மீற்றர் ஓடிவிட்டது. நாங்க இதை ரிவஸ்டன் வேகத்துக்குக் கணக்குப் போட்டோம். 30 கிலோமீற்றரில் போனால் பழைய காரில் 83 மீற்றர், மற்றதில் 374 மீற்றர். அந்தப் பாதையில் 374 மீற்றருக்குள் எத்தனை வளைவு என்று போய் வந்தவங்க சொல்லட்டும். இப்போ ஐரோப்பாவின் என்கேப் அமைப்பு 2026இலிருந்து சிக்னல், ஹசாட், ஹோர்ன், வைப்பர், அவசர அழைப்பு இதுக்கெல்லாம் தனிக் கட்டுப்பாடு இல்லாத காருக்கு முழுப் புள்ளி கொடுக்காது. ஹோண்டா அதுக்கு முன்னாலேயே திரும்பிவிட்டது. இங்கே தெருவுக்குத் தெரு நிற்கிற முதல் தலைமுறை வெசலில் ஏசி தொடுபலகை, 2021இல் வந்த ரெண்டாவதில் திருகும் குமிழ்.

ஆனா ஐரோப்பிய விமர்சனங்களில் நாங்கள் காணாத ஒரு விஷயம் இருக்கு. மொழி.

இலங்கையில் பாதிக் கார் ஜப்பானிய மொழி பேசும். சாவி போட்டவுடனே ஒரு பெண் குரல் வந்து, நெடுஞ்சாலைக் கட்டண அட்டை போடவில்லை என்று பணிவாகச் சொல்லும். மாத்தளையில் அந்த நெடுஞ்சாலையும் இல்ல, அந்த அட்டையும் இல்ல. யாரும் கவலைப்பட்டதில்லை, ஏன்னா பட்டனுக்கு மொழி கிடையாது. விசிறிப் படம், கண்ணாடியில் மூணு வளைந்த அம்பு, சிவப்பு முக்கோணம். அந்தப் படங்களுக்கு ஐஎஸ்ஓ 2575 என்று ஒரு சர்வதேசத் தரமே உண்டு. ஜப்பானில் பிறந்த வண்டியை, தமிழில் சாதாரண தரம் வரை படித்த ஒருத்தர், சிங்களம் பேசும் முதலாளியை ஏற்றிக்கொண்டு ஓட்டுறதுக்கு அது போதுமாக இருந்தது.

திரை வந்ததும் இது மாறுது. மாமா இதுக்கு முன்னால் ஓட்டின ஒரு வண்டியில், பேர் வேண்டாம், காற்று எங்கே வரணும் என்பதுக்குக் கூட மெனுவுக்குள் போகணும். மொழிப் பட்டியலில் தமிழும் இல்ல, சிங்களமும் இல்ல. இங்கிலிஷ் எழுத்துகளைக் கூட்டிப் படித்து அமுக்குறதுக்குள் சந்தி தாண்டிடும். கடைசியில் பின்சீட்டில் இருந்து முதலாளியின் மகன் எட்டிக் கை நீட்டி ஏசியைத் திருப்புவான். "சின்ன பையன்தான், நல்லவன்தான். ஆனாலும் ஒரு மாதிரி இருக்கும்ல" என்றார் மாமா. கொஞ்ச நாளில் அந்த வீட்டில் இங்கிலிஷ் தெரிஞ்ச டிரைவர் தேடினாங்க. மலைப்பாதையில் முப்பது வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டின மனுஷனுக்கு, ஒரு மெனு தெரியாததால் வேலை போச்சு.

அதனால் 250இல் அவர் முதல் முதலாகத் தேடினது திரையை இல்ல, சுவிட்சுகளை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டு, "இது இருக்கு, இது இருக்கு" என்று எண்ணிக்கொண்டே வந்தார். ஒரு குறை மட்டும் சொன்னார். முதலாளி வீட்டில் அம்மாவுக்கு ஒரு ஜெர்மன் காரும் இருக்கு. அதில் சிக்னல் இடப்பக்கம், இதில் வலப்பக்கம். காலையில் அம்மாவை மார்க்கெட்டுக்கு விட்டுட்டு வந்து ஜீப்பை எடுத்தால், உக்குவளைச் சந்தியில் திரும்பும்போது வெயிலில் வைப்பர் ஓடுமாம்.