எலி வளையானாலும்

2018 வைகாசியில், ஐம்பத்திரண்டு வயதில், முதன்முதலாக என் சொந்தக் காசில் ஒரு வீடு வாங்கினேன். நீளம் 18 அடி. இரண்டு சில்லு. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற ரெயிலர். இங்கே கனடாவில் ஆர்.வி. என்று பொதுவாகச் சொல்கிற வண்டிகளில் சின்ன வகை. உள்ளே ஒரு கட்டில், இரண்டு அடுப்பு, ஒரு சிங்க், திரும்பினால் முழங்கை இடிக்கிற குளியலறை. முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை செய்து சேர்த்த காசு. பதிவுப் பத்திரத்தில் என் பெயர் மட்டும்.

“எலி வளையெண்டாலும் தனி வளை வேணும்” என்று தங்கைக்கு ஃபோனில் சொல்லிச் சிரித்தேன். அடுத்த வருஷம் அந்தப் பழமொழி என்னைப் பார்த்துச் சிரிக்கும் என்று தெரியாது.

என் பெயரில் முன்பும் ஒரு வீடு இருந்தது. யாழ்ப்பாணத்தில் வீடு மகளுக்குத்தான் சீதனமாகப் போகும். இதைக் கேட்கிற வெளியூர்ப் பெண்கள், உங்கள் ஊர்ப் பெண்கள் கொடுத்துவைத்தவர்கள் என்பார்கள். ஆனால் தேசவழமைச் சட்டப்படி கலியாணமான பெண் தன் பெயரில் உள்ள காணியையோ வீட்டையோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. உறுதியில் என் பெயர், பேனா அவர் கையில். அந்த வீட்டையும் 1995 ஐப்பசிக் கடைசியில், வலிகாமமே மூட்டை முடிச்சோடு இரவிரவாக நடந்தபோது, பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தோம். பிறகு சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம், கொழும்பில் ஓர் அறை, ஸ்காபரோவில் இரண்டு பேஸ்மென்ற். கடைசியில் வங்கிக் கடனோடு இவர் பெயரில் ஒரு வீடு.

அதனால்தான் இந்த ரெயிலர். முதல் கோடையில் இரண்டு வார இறுதிகள் தனியாகப் போய் ஓர் ஏரிக்கரையில் நிறுத்தினேன். வாசித்தேன், தூங்கினேன். ஒருவருக்கும் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கவில்லை.

கார்த்திகையில் நகருக்கு வடக்கே ஒரு பண்ணை வளவில் வாடகைக்கு விட்டுவிட்டு வந்தேன். சித்திரையில் போய்க் கதவைத் திறந்தபோது மூத்திர வாடை முகத்தில் அடித்தது. லாச்சிகளுக்குள் அரிசிமணி அளவில் கறுத்தப் புழுக்கைகள். மெத்தை குடையப்பட்டிருந்தது. விரிப்புக்கென்று வைத்திருந்த பழைய நூல் சேலையில் பாதியைக் காணவில்லை. சிங்குக்குக் கீழே மின்வயரின் தோல் கடிபட்டுச் செப்புக்கம்பி தெரிந்தது.

பண்ணைக்காரர் எட்டிப் பார்த்தார். உங்களுடைய சமையல் வாசம்தான் இழுத்திருக்கும், அந்த மசாலா எதிலும் ஒட்டிக்கொள்ளும் அல்லவா என்று சிரித்தபடி சொன்னார். அன்றிரவு வீட்டில் இவர் சொன்னார்: “நீர் அதுக்குள்ள மீன் பொரிச்சிருப்பீர். துப்பரவாக் கழுவியிருந்தீரெண்டால் எலி ஏன் வருது?”

இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. தீர்ப்பு ஒன்று. எனக்கு அது புதிதுமில்லை. கலியாணமான புதிதில் குசினிக் கோர்க்காலிக்குப் பின்னால் எலி ஓடினால் மாமி என்னைத்தான் பார்ப்பா. வீட்டில் எலி என்றால் பொம்பிளை சரியில்லை.

மறுநாள் விளக்குமாறும் வாளியுமாகப் போனேன். கூட்டத் தொடங்கியதுமே பக்கத்து ரெயிலர்க்காரி ஓடி வந்து நிறுத்தச் சொன்னா. பள்ளி பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற வெள்ளைக்காரப் பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவ. எலிப்புழுக்கையைக் கூட்டக்கூடாது, வக்யூமும் பிடிக்கக்கூடாது என்றா. காய்ந்த புழுக்கையும் மூத்திரமும் தூசியாகக் கிளம்பி மூச்சோடு உள்ளே போகும். வயிறு வெள்ளையாக, கண் பெரிதாக இருக்கும் மான் சுண்டெலி என்ற வகை ஹன்டா வைரஸைக் காவக்கூடியது. 1993இல் அமெரிக்காவின் தென்மேற்கில் திடகாத்திரமான இளைஞர்கள் மூச்சுத் திணறி இறந்தபோதுதான் அந்த நோய் அங்கே அடையாளம் காணப்பட்டது. கனடாவில் பெரும்பாலும் மேற்கு மாகாணங்களில்தான் வந்திருக்கிறது. வந்தால் உயிராபத்து என்பதால் எங்கேயும் விளையாடக்கூடாது.

செய்ய வேண்டியது இது. கதவையும் யன்னல்களையும் திறந்துவிட்டு அரை மணித்தியாலம் தள்ளி நிற்க வேண்டும். கையுறையும் முகக்கவசமும் போட வேண்டும். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து புழுக்கை நனைய நனையத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கடதாசித் துவாயால் அள்ளிப் பையில் கட்டிப் போட வேண்டும். நல்ல குடும்பப் பெண் எலியைக் கண்டதும் முதலில் தூக்குகிற விளக்குமாறே இங்கே ஆபத்து.

அவவுடைய ரெயிலருக்குள்ளும் அந்தப் பனிக்காலம் எலி வந்திருந்தது. அவ அதற்குள் கோப்பியைத் தவிர எதுவும் போட்டதில்லை. அந்த வளவில் நின்ற வண்டிகளில் பாதிக்கு மேல் அதே கதைதான் என்றா. சாப்பாடு கிடைத்தால் எலி தங்கும். ஆனால் பனிக்காலத்தில் அது தேடி வருவது ஒதுக்கிடத்தை. பென்சில் நுழைகிற ஓட்டை, ஆறு மில்லிமீற்றர், அதற்குப் போதும்.

மூன்று நாள் கழித்து இரவு எட்டு மணிக்கு இவரைக் கூட்டிக்கொண்டு போனேன். யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, விளக்கை அணைத்து, உள்ளே நான் தரையில் குந்தியிருந்தேன். அவர் வெளியே ரோர்ச்சோடு வண்டியைச் சுற்றி வர வேண்டும். வெளிச்சம் உள்ளே தெரிகிற இடத்தைச் சோக்கால் வட்டம் போடுவது என் வேலை.

“இஞ்சருங்கோ, கீழ குனிஞ்சு பிடியுங்கோ.”

சிங்குக்குக் கீழே தண்ணீர்க் குழாய் இறங்குகிற இடத்தில் வெளிச்சம் வந்தது. குழாயின் மொத்தத்தைவிட இரண்டு மடங்கு பெரிய துளை, தொழிற்சாலையிலேயே வெட்டியது. மின்வயர் இழுக்கிற சின்னக் கதவின் மூலையில். ஹீற்றருக்குப் பின்னால். சில்லுக்கு மேலுள்ள தகரப் பொருத்தில். மொத்தம் 14 வட்டங்கள். உள்ளே வந்து பார்த்தவர் கனநேரம் பேசவில்லை. “இவ்வளவு ஓட்டையே?” என்றார். மீன் பொரித்த கதையை அவர் பிறகு எடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

அன்றிரவு வேலைக்குப் போகிற வழியில் யோசித்துக்கொண்டே போனேன். எங்கள் இல்லத்தில் ஒரு கிழவிக்குப் படுக்கைப் புண் வந்தால், பராமரிக்கிறவள் நேரத்துக்குத் திருப்பிப் படுக்கவிடவில்லை என்பார்கள். அந்த மாடியில் அன்றிரவு எத்தனை பேருக்கு எத்தனை பெண்கள் நின்றோம் என்று யாரும் எண்ணுவதில்லை. நாங்களும் இன்னும் வேகமாக, இன்னும் துப்பரவாகச் செய்யப் பார்ப்போம். முப்பது வருஷம் குசினியிலும் அதைத்தான் செய்தேன். ஓட்டை எங்கே என்று பார்க்க வேண்டும் என்று எனக்கே தோன்றியதில்லை.

அடைக்கிற வேலை இரண்டு வார இறுதிகள் எடுத்தது. நுரையை மட்டும் அடித்தால் எலி கடித்துக்கொண்டு வரும். இரும்புப் பஞ்சு ஈரத்தில் துருப்பிடிக்கும். செப்பு வலையைச் சுருட்டித் துளைக்குள் இறுக்கித் திணித்து, மேலே சீலன்ற் பூசினேன். பெரிய இடைவெளிகளுக்குக் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை வெட்டி ஆணி முறுக்கினேன். ஹீற்றரின் புகை வெளியேறும் வாயை அடைக்கக்கூடாது. அடைத்தால் புகை உள்ளே திரும்பி ஆளைக் கொல்லும். அதற்கென்றே செய்த வலைமூடி கடையில் இருக்கிறது. புதினா எண்ணெய் வாசம் சில நாளில் போய்விடும். அந்துருண்டையின் புகை மூடிய வண்டிக்குள் எலியைவிட மனிசருக்குத்தான் கூடாது. நஞ்சு வைக்கவில்லை. தின்ற எலி சுவருக்குள் செத்து நாறும், அதைப் பிடிக்கிற ஆந்தையும் சாகும். மல்லாக்கப் படுத்து வண்டிக்குக் கீழே வேலை செய்தபோது தலைமயிரெல்லாம் மண். அவ்வளவு சந்தோசமாக நான் வேலை செய்து கனகாலம்.

கடைசித் துளைக்காகக் கட்டிலின் அடிப்பலகையைக் கழற்றியபோது என் சேலை கிடைத்தது. பூப்போல மெல்லிய நாராகக் கிழித்து, உருண்டையாக்கி, நடுவில் ஐந்து குட்டிகள். ரோசா நிறம், கண் திறக்கவில்லை. தாய் இல்லை.

பலகையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். கிடைத்த துணியைக் கிழித்துப் பிள்ளைகளுக்குக் கீழே விரித்து இரவைக் கழித்தவர்கள் நாங்கள். அவளும் தனி வளை தேடித்தான் வந்திருக்கிறாள். ஆனால் அவள் கடித்த வயரில் நெருப்புப் பிடித்தால் எரிவது என் வளை. கூட்டைக் கையுறைக் கையால் தூக்கி, ஒரு பெட்டியில் வைத்து, வேலியோரப் பற்றைக்குள் விட்டேன். தப்பியிருக்கும் என்று நான் நம்பவில்லை. அன்று மாலை சுவரோரமாக நாலு பொறி வைத்தேன், கடலை வெண்ணெய் பூசி. அந்தக் கிழமை இரண்டு விழுந்தன. ஒன்று பெண். இவரைக் கூப்பிடாமல் நானே எடுத்துப் புதைத்தேன்.

இப்போது ஒவ்வொரு கார்த்திகையும் வண்டியை நிறுத்த முதல், பக்கத்து ரெயிலர்க்காரியும் நானும் மாறி மாறி ரோர்ச் பிடிக்கிறோம். ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே. 2020இல் அவவுடையதில் ஆறு வட்டம், என்னுடையதில் இரண்டு. போன வருஷம் என்னுடையதில் ஒன்று. அதையும் அடைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டினேன். திறப்பு என் கைப்பையில் இருக்கிறது.