காணி உறுதியும் ஆனைக்கொய்யாவும்



மலையகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று டொரொண்டோவில் பேச்செடுத்தால், தேயிலைத் தோட்டங்களின் லயத்துக் குடும்பங்களுக்குப் பழக்கன்று கொடுக்கலாம் என்ற யோசனை எழுவது இயல்பு. நல்ல எண்ணம்தான். ஆனால் கன்றுக்கு முன்னே காணி உறுதி வர வேண்டும் என்பது என் கட்சி. மலையகத்துக் குளிரில் என்ன பழம் காய்க்கும் என்று கேட்பவர்கள் மாமரத்தை மனதில் வைத்துக் கேட்கிறார்கள். நுவரெலியாவின் 6,000 அடி உயரத்தில் மா தோதுப்படாது, உண்மை. ஆனால் மரத்தக்காளி அந்தீஸ் மலைச்சரிவில் பிறந்தது. ஊதாக் கொடித்தோடைக்குக் குளிர்ந்த உயரம்தான் பிடிக்கும். 4,000 அடிக்குச் சற்று மேலே இருக்கும் ஹட்டன் பக்கம் ஆனைக்கொய்யா நன்றாகவே வரும். வேரில் நீர் தேங்கினால் அழுகிச் சாகும் மரம் அது. நீர் வடியும் சரிவு அதற்கு வாய்ப்பு.    

ஆக, தடை காலநிலை அல்ல. உழைப்பும் அல்ல, லயத்தோரம் கரட்டும் லீக்ஸும் கோவாவும் போட்டு எடுக்கும் கைகளுக்கு யாரும் பயிர்த்தொழில் கற்பிக்க வேண்டியதில்லை. மரக்கறி சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். ஒட்டு ஆனைக்கொய்யாவுக்கு மூன்று நான்கு ஆண்டு பொறுக்க வேண்டும், விதைக்கன்றுக்கு அதைவிட நெடுங்காலம். லயத்துக் காம்பராவும் சுற்றியுள்ள மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம், குடியிருப்பே வேலையோடு பிணைந்தது என்றால், அத்தனை ஆண்டு கழித்து வரும் பழத்துக்கு எவர் குழி தோண்டுவார்? 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் வந்தது. இந்தக் கைமாற்றங்கள் எதிலும் லயத்து மக்கள் காணிக்காரர் ஆகவில்லை. அவர்களின் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்த 200ஆம் ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டபோதும் காணியுரிமை கோரிக்கையாகவே நின்றது.

உறுதி கொடுத்தால் விற்றுவிடுவார்கள் என்பது அடுத்த வாதம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் விவசாயக் குடும்பங்களுக்குக் காணி வழங்கிய அரசு, விற்பனைக்குக் கட்டுப்பாடு வைத்தே வழங்கியது. விற்பார்கள் என்ற அச்சம் அன்று காணி கொடுப்பதை நிறுத்தவில்லை. மலையகத்துக்கு மட்டும் அது ஏன் காரணமாக வேண்டும்? ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்தான் என்றால் அதில் மரம் எங்கே வைப்பது என்பவர்களுக்குக் கணக்கே பதில். ஏழு பேர்ச் ஏறக்குறைய 1,900 சதுர அடி. தோட்டங்களில் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் கட்டும் வீடு 550 சதுர அடி. பாதைக்கும் கழிவறைக்கும் ஒதுக்கிய பிறகும், கவாத்துப் பண்ணி அடக்கி வைத்த ஓர் ஆனைக்கொய்யாவுக்கும் வேலியில் படரும் கொடித்தோடைக்கும் இடம் உண்டு. சமையற்கட்டோரம் இரண்டு மரத்தக்காளி நட்டால் அவை இரண்டு ஆண்டுக்குள் காய்க்கும். பெரிய மரம் வளரும்வரை பிள்ளைகளுக்குப் பழம் கிடைக்கும். ஆகவே, கன்றுக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கை நில அளவையாளருக்கும் சட்டத்தரணிக்கும் ஒதுக்குங்கள். உறுதியில் மனைவியின் பெயரும் இருக்கட்டும். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான்.