ஆள் பிரிக்கும் படலம்

சிறு வயதில் தெருவில் பந்து விளையாடியவர்களுக்கு ஆள் பிரிப்பது என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. பெரிய பையன்கள் இருவர் எதிரும் புதிருமாக நிற்பார்கள். ஒருவன் ஓர் ஆளைக் கூப்பிடுவான். மற்றவன் இன்னோர் ஆளைக் கூப்பிடுவான். நன்றாக ஆடுகிறவர்கள் முதலில் போய்விடுவார்கள். கடைசியில் யாரும் கூப்பிடாத இரண்டு பேர் நின்றுகொண்டிருப்பார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவராக நின்றே நம் பால்யம் கழிந்தது என்பதை வாசகர்களிடம் மறைப்பானேன்?

அப்பேர்ப்பட்ட நாம், நாற்பத்தாறாவது வயதில், தோனியையும் கோலியையும் வரிசையில் நிறுத்தி வைத்து ஆள் பிரிக்கப் புறப்பட்டோம். இது நடந்தது 2025ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், மங்களூரில். மங்களூர் என்றதும் கடலும் கப்பலும் நினைவுக்கு வந்தால் அது கன்னட நாட்டு மங்களூர். நம் மங்களூர் விருத்தாசலத்தை அடுத்தது. மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற மானாவாரி பூமி. இங்கே உபாத்தியாயராக இருக்கும் நமக்கு ஐ.பி.எல். வீரர்களைப் பிரிக்கும் அதிகாரம் எப்படி வந்தது என்று கேட்கலாம்.

அந்த அதிகாரத்தை முதலில் எடுத்துக்கொண்டவர்களும் உபாத்தியாயர்களே. அமெரிக்காவில் 1960ஆம் வருஷம் வில்லியம் காம்ஸன் என்ற சமூகவியல் ஆசிரியர் தம் சகாக்களைக் கூட்டி, பேஸ்பால் வீரர்களை ஆளுக்குக் கொஞ்சமாகக் காகிதத்தில் பங்கிட்டுக்கொண்டார். மைதானத்தில் அந்த வீரர் என்ன சாதித்தாலும் அது அவரைப் பங்கில் எடுத்தவர் கணக்கில் சேரும். அந்த வித்தையைக் கேள்விப்பட்ட டேனியல் ஓக்ரெண்ட் என்ற பத்திரிகைக்காரர் 1980இல் நியூயார்க்கில் சிநேகிதர்களோடு விதிகளைத் திருத்தி அமைத்தார். அவர்கள் கூடிச் சாப்பிட்ட ஹோட்டலின் பெயரே ஆட்டத்துக்கும் பெயராயிற்று. இன்று அந்நாட்டில் ஒவ்வொரு வசந்த காலத்திலும், பேஸ்பால் பருவம் தொடங்குமுன், எத்தனையோ பேர் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து ஆள் பிரிக்கத் தயாராகிறார்கள்.

நம் நாட்டில் இதே வித்தை கிரிக்கெட்டுக்கு மாறி, கைப்பேசிக்குள் புகுந்தது. புகுந்தபோது பணத்தையும் உடன் அழைத்து வந்தது. இங்கே ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். 2022, 2023 ஆகிய இரண்டு பருவங்களிலும் நாம் அந்தக் கைப்பேசி ஆட்டத்தில் விழுந்து கிடந்தோம். ஒரு முறை நுழைய நாற்பத்தொன்பது ரூபாய். இது ஒரு காசா என்று தோன்றும். மாலை ஏழு மணிக்கு டாஸ் போட்டதும் பதினொரு பேரைக் குறித்துவிட்டு உட்காருவோம். நம் வரிசை எண் லட்சத்திலிருந்து ஆயிரத்துக்கு ஏறும். மறுபடி லட்சத்துக்கு இறங்கும். லட்சக்கணக்கானவர்கள் கட்டிய பணத்தில் ஆட்டம் நடத்துகிறவர் பங்கு முதலில் போய்விடும். மிச்சத்தில் பெரும் பகுதி மேலே நிற்கும் சிலருக்குப் போகும். பட்டம் பெற்ற நமக்கு இந்தக் கணக்கு தெரியாததல்ல. தெரிந்தேதான் முப்பத்தெட்டாயிரம் ரூபாயைத் தொலைத்தோம். அது பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒதுக்கி வைத்திருந்த பணம்.

2023 ஜூன் மாதத்தில் உண்மையைச் சொன்னபோது நம் சகதர்மிணி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் கையிலிருந்த இரண்டு வளையல்களைக் கழற்றி அடகு வைத்துக் கட்டணத்தைக் கட்டி வந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று பல நாள் நினைத்தோம். அதற்குப் பிறகு வீட்டில் கிரிக்கெட் என்ற சொல்லே எழவில்லை. வளையல்களை மீட்க ஒரு வருஷம் பிடித்தது.

இந்த நிலையில்தான் நம் பள்ளிக்கூடத்துக் கணக்கு ஆசிரியர் ஒரு யோசனை கொண்டு வந்தார். ஆசிரியர் அறையில் ஆறு பேர். ஆளுக்குப் பதினொரு வீரர்கள். கைப்பேசி கிடையாது, பணம் கிடையாது. ஒரு ரன்னுக்கு ஒரு மதிப்பெண், விக்கெட்டுக்கு 25, காட்சுக்கு 10. காப்டனுக்கு எல்லாம் இரட்டிப்பு. ஒரு வீரரை ஒருவர் எடுத்துவிட்டால் மற்றவருக்கு அவர் இல்லை. கடைசியில் வருகிறவர் விருத்தாசலம் போய் ஒரு பீங்கான் யானைப் பொம்மை வாங்கி வந்து முதலில் வந்தவருக்குக் கொடுக்க வேண்டும். செராமிக் தொழிலுக்குப் பேர் போன ஊர் பக்கத்தில் இருக்கும்போது வெள்ளிக் கோப்பை எதற்கு?

நாம் சம்மதித்தோம். ஆனால் வீட்டில் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் பயம் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம்.

ஆள் பிரிப்பதற்குத் தயாராவது அற்ப விஷயம் என்று யாரும் எண்ண வேண்டாம். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு கிழித்து எழுதத் தொடங்கினோம். முதலில் ஆடுவது நிச்சயமா என்று பார்க்க வேண்டும். வெளியே உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு பெரிய சூரரானாலும் மதிப்பெண் இல்லை. ஓர் அணியில் அயல்நாட்டார் நால்வர்தான் இறங்கலாம் என்பதால் ஐந்தாவது அயல்நாட்டார் ஆபத்தானவர். காயம் பட்டவர் யார் என்று தெரிய வேண்டும். லீக் கட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் 14 ஆட்டங்கள். மேலே செல்லும் அணியின் ஆளுக்கு இன்னும் சில கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரே இருக்கும் ஐந்து பேரும் யாரை விரும்புவார்கள் என்று ஊகிக்க வேண்டும்.

நாலாம் நாள் இரவு நிமிர்ந்து பார்த்தால் எதிரில் சகதர்மிணி நிற்கிறாள். நோட்டில் "27 கோடி, 26.75 கோடி" என்று வரிசையாக எழுதியிருந்தது.

"மறுபடியும் ஆரம்பித்துவிட்டீர்களா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. அவளுடைய வலது கை இடது கை வளையல்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் அறியாமலே பிடித்ததாக இருக்க வேண்டும். அந்தக் காட்சியை நாம் மறப்பதற்கில்லை.

கைப்பேசியை எடுத்து அவள் கையில் கொடுத்தோம். பெட்டியிலிருந்து பாங்குப் புத்தகத்தையும் எடுத்துக் கொடுத்தோம். பிறகு யானைப் பொம்மை வரையில் எல்லாவற்றையும் சொன்னோம். அவள் புத்தகத்தை நிதானமாகப் பார்த்து மூடினாள். சிறிது நேரம் கழித்து நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இந்த 27 கோடி யார்?"

"ரிஷப் பந்த். 2024 நவம்பரில் ஜெட்டா நகரத்து ஏலத்தில் லக்னோ அணி எடுத்தது. ஐ.பி.எல். ஏலத்தில் யாருக்கும் அவ்வளவு விலை கிடைத்ததில்லை."

"போன வருஷம் எவ்வளவு அடித்தார்?"

"446."

அவள் விரல் பட்டியலில் கீழே இறங்கி ஒரு பெயரில் நின்றது. "இந்தத் தமிழ்நாட்டுப் பையன்?"

"சாய் சுதர்சன். 12 ஆட்டங்களில் 527. குஜராத் அணி எட்டரைக் கோடிக்கு வைத்துக்கொண்டது."

"பின்னே என்ன? மாதாமாதம் ஒழுங்காகச் சம்பளம் கொண்டுவருகிற ஆளை முதலில் எடுங்கள். எப்போதோ புதையல் கொண்டுவருகிறவரை நம்பிக் குடித்தனம் நடத்த முடியுமா?"

இருபது வருஷமாக உபாத்தியாயர் சம்பளத்தில் குடித்தனம் நடத்துகிறவள் சொன்ன வார்த்தை. நாம் தலையை ஆட்டினோம். ஆட்டினோமே தவிர, நம் புத்தி கேட்கவில்லை.

மார்ச்சு 21, வெள்ளிக்கிழமை. பள்ளி மணி அடித்ததும் சாக்குக்கட்டிப் பெட்டியில் சீட்டுப் போட்டு எடுத்தோம். நமக்கு முதல் எண் வந்தது. வரிசை பாம்பு போல் வளையும்: ஒன்றிலிருந்து ஆறு வரை சென்று, ஆறிலிருந்து ஒன்றுக்குத் திரும்பும். ஆகவே நமக்கு முதல் ஆள், பிறகு பன்னிரண்டாவது ஆள். விக்கெட் கீப்பர் கிடைப்பது அரிது என்று நமக்கு நாமே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டு, "ரிஷப் பந்த்!" என்று கர்ஜித்தோம். காப்டன் பதவியையும் அவருக்கே சாற்றினோம். சாய் சுதர்சனைப் பன்னிரண்டாவதாக எடுத்துக்கொள்ளலாம் என்பது நம் ராஜதந்திரம்.

இரண்டாம் எண் தமிழாசிரியை அம்மாளுக்கு. அவர் கோலியை எடுத்தார். டிரில் மாஸ்டர் சற்றும் யோசியாமல் தோனியை எடுத்தார். அது கணக்கல்ல, பக்தி. பாம்பு வளைந்து திரும்பியது. பதினோராவது ஆள் மறுபடி தமிழாசிரியை அம்மாளுக்கு. "சாய் சுதர்சன்" என்றார். நம் நோட்டை நாமே மூடினோம்.

அறுபத்தாறாவதாக, மிச்சம் யாரும் இல்லாத குறைக்கு, கணக்கு ஆசிரியர் வைபவ் சூர்யவன்ஷி என்ற பதின்மூன்று வயதுப் பிள்ளையின் பெயரைச் சொன்னார். எட்டாம் வகுப்புப் பையனா என்று நாம் அனைவரும் சிரித்தோம்.

பிறகு நடந்ததை உலகம் அறியும். அந்தப் பிள்ளை ஏப்ரல் 28 அன்று ஜெய்ப்பூரில் 35 பந்துகளில் சதம் அடித்தான். சாய் சுதர்சன் 759 ரன் எடுத்துப் பருவத்திலேயே முதலாவதாக நின்றார். தோனியின் சென்னை அணி பத்தாவது இடத்துக்குப் போயிற்று. டிரில் மாஸ்டர் வருந்தவில்லை. நம் காப்டனோ முதல் 12 இன்னிங்ஸில் 151 ரன்தான் எடுத்தார். கடைசி லீக் ஆட்டத்தில் 118 அடித்தார் என்பது உண்மை. அதற்குள் நம் கப்பல் தரை தட்டிவிட்டது. ஜூன் 3 அன்று பெங்களூர் கோப்பையை வென்றது. மறுநாள் ஆசிரியர் அறையில் நாம் ஆறாவதாக வந்தோம் என்று அறிவிக்கப்பட்டது.

"அணிகள் பத்து, கீப்பர்களும் குறைந்தது பத்து. ஆள் எடுத்தவர்களோ ஆறு பேர். கீப்பருக்கு என்ன பஞ்சம், சார்?" என்று கணக்கு ஆசிரியர் கேட்டார். நமக்குப் பதில் இல்லை. 27 கோடி என்ற எழுத்தில்தான் நம் கண் போயிற்று. ஒரே அடியில் எல்லாவற்றையும் பெற்றுவிட வேண்டும் என்ற பழைய வியாதி பணத்தோடு போய்விட்டதாக எண்ணியிருந்தோம். அது போகவில்லை. கைப்பேசியில் தோற்றபோது மறுநாள் ஆட்டம் காத்திருந்தது; முகம் தெரியாதவர்களிடம் தோற்றதால் வெட்கமும் இல்லை. இங்கே ஐந்து பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு தோற்றோம். அதனால்தான் புத்தியில் உறைத்தது.

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டம் 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டில் நிறைவேறியது. நல்ல காரியம். ஆனால் சட்டத்துக்கு முன்பே, வளையலைப் பிடித்த ஒரு கை நம் வீட்டில் அதைத் தடுத்துவிட்டது.

ஜூன் மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை இருவரும் விருத்தாசலம் போனோம். தமிழாசிரியை அம்மாளுக்கு நீலம் பூசிய ஒரு யானையைத் தேர்ந்தெடுத்தோம். கடைக்காரர் காகிதத்தில் சுற்றும்போது சகதர்மிணி இன்னொரு யானையை எடுத்து வைத்தாள்.

"இது யாருக்கு?" என்றோம்.

"நமக்குத்தான். அடுத்த வருஷம் நீங்கள் ஜெயிக்கப் போவதில்லை" என்று சொல்லிக்கொண்டே, தன் பையிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தாள். கைவளைகள் கலீரென்றன.