கோப்பிக் கடையில் கேட்ட பாடம்



மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை காலை ஈப்போ பழைய நகரத்திற்குச் சென்றிருந்தேன். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்காக மலாய்மொழி மாதிரிக் கட்டுரை நூல் ஒன்று வாங்க வேண்டியிருந்தது. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். ஆயினும், என் 22 ஆண்டுப் பணிக்காலத்தில் பெரும்பகுதி மலாய்மொழியே கற்பித்து வந்திருக்கிறேன். புத்தகக் கடை திறக்க முக்கால் மணி நேரம் இருந்ததால், ஜாலான் பண்டார் தீமாவில் வழக்கமாகச் செல்லும் சிறிய கோப்பிக் கடைக்குள் நுழைந்தேன்.

ஈப்போவை அறிந்தவர்களுக்கு இத்தகைய கடைகளைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வட்டமான பளிங்கு மேசைகள், பழைய மர நாற்காலிகள், அடுப்பருகே துணிப்பையில் வடியும் கோப்பி. மார்ஜரின் சேர்த்து வறுத்த கொட்டையின் மணம் தெரு வரைக்கும் வரும். தவுக்கே என்னைக் கண்டதும், "மாச்சாம் பியாசா?" என்றார். தலையசைத்தேன். அவர் உள்ளே திரும்பிக் கண்டனீசில் குரல் கொடுத்தார். வெள்ளைக் கோப்பி வந்தது.

வார இறுதிக் கூட்டம். மேசைகள் நெருக்கமாக இருந்தன. பக்கத்து மேசையில் ஒரு தமிழ்க் குடும்பம்: இளம் கணவன் மனைவி, ஐந்தாறு வயதுப் பெண் குழந்தை, கணவரின் தாயார். பிறர் பேச்சை ஒட்டுக் கேட்பது தவறு என்று மாணவர்களுக்குச் சொல்பவன் நான். ஆனால், "தமிழ்ப்பள்ளி" என்ற சொல் காதில் விழுந்த பிறகு, கேட்காமல் இருக்க என்னால் இயலவில்லை.

"தமிழ்ப்பள்ளியிலதான் போடணும். நீயும் அங்கதான படிச்ச? என்ன கெட்டுப் போயிட்ட?" என்றார் தாயார்.

மகன் பதில் கூறாமல் அரைவேக்காட்டு முட்டையை உடைத்துக் கொண்டிருந்தார். மருமகள்தான் மெதுவாக, "இன்னும் முடிவு பண்ணல அத்தை. யோசிச்சுக்கிட்டுதான் இருக்கோம்" என்றார்.

முதலாம் ஆண்டுப் பதிவுக் காலம் வந்தால் எங்கள் பள்ளி ஆசிரியர்கள் துண்டறிக்கைகளோடு வீடு வீடாகச் செல்வது வழக்கம். அதற்கென்றே என்னிடம் ஓர் உரை தயாராக இருக்கிறது. 1816ஆம் ஆண்டு பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பு, அதிலிருந்து 200 ஆண்டுகளைக் கடந்துவிட்ட வரலாறு, இன்று நாடு முழுவதும் இருக்கும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள், தாய்மொழிக் கல்வியின் சிறப்பு என்று வரிசையாகச் சொல்வேன். அந்த உரை அன்றும் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நாற்காலியைச் சற்றே அவர்கள் பக்கம் திருப்பினேன்.

அப்போது மகன் பேசத் தொடங்கினார்.

"தமிழ் வேணாம்னு நான் சொல்லலம்மா. யு.பி.எஸ்.ஆர்ல எனக்கு மலாய் ரெண்டு தாளிலயும் ஏ. ஞாபகம் இருக்கா? அந்த முடிவுத் தாள சாமி மேடையில வச்சீங்க."

"ஏன் இல்ல?"

"ஃபாரம் ஒன்னு, முதல் வாரம். உன்னைப் பத்திச் சொல்லுன்னு டீச்சர் மலாய்ல கேட்டாங்க. எழுதச் சொல்லியிருந்தா ரெண்டு பக்கம் எழுதியிருப்பேன். பேச வரல. பேர மட்டும் சொல்லிட்டு நின்னேன். கிளாஸே சிரிச்சுச்சு. அதுக்கப்புறம் மூனு வருசம் நான் கையத் தூக்கவே இல்லம்மா. பதில் தெரிஞ்சாலும் தூக்கல."

"இத ஏம்பா அப்பவே சொல்லல?"

"சொன்னா நீங்க நேரா சார்கிட்டப் போய்க் கேட்பீங்க. பாவம் அவரு. ராத்திரி வரைக்கும் இருந்து சொல்லிக் கொடுத்தாரு. நாப்பது கட்டுரை மனப்பாடம் பண்ண வச்சாரு. அவர் மேல எனக்குக் கோபமே இல்ல."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அவர் என் மாணவர் அல்லர். அந்தச் சாரும் நான் அல்லன். ஆயினும் நானாக இருந்திருக்கலாம். என் வகுப்பறை அலமாரியில் அதே போன்ற கட்டுரைக் கோப்பு ஒன்று இருக்கிறது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. கோப்பை நான் அகற்றவில்லை. அந்தச் சனிக்கிழமை நான் வாங்கச் சென்றதும் அந்தக் கோப்பில் சேர்ப்பதற்கான நூலைத்தான்.

சிறிது நேரம் அவர்கள் எவரும் பேசவில்லை. பின்னர்த் தாயார், "நீ சொல்றது சரிதாம்பா. ஆனா, வேற பள்ளிக்குப் போயிட்டா இவ எங்கிட்ட என்ன மொழியில பேசுவா?" என்றார். அதற்கு மகனிடம் பதில் இல்லை.

அதற்குள் குழந்தை இன்னொரு ரொட்டி வேண்டும் என்றது. "நீயே போய்க் கேளு" என்று பாட்டி சொல்ல, குழந்தை குதித்து இறங்கிக் கல்லாவுக்கு ஓடியது.

"அங்கிள், நாக் ரோத்தி சத்து லாகி!"

"காயா காஹ், மெந்தேகா?"

"டுவா-டுவா!"

தவுக்கே வாய்விட்டுச் சிரித்தார். தந்தையும் சிரித்தார். குழந்தை வந்த வேகத்திலேயே ஓடி வந்து பாட்டியின் மடியில் சாய்ந்து, "பாட்டி, ரெண்டும் போட்டுத் தர்றாராம்" என்றது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இக்குழந்தை ஏழு வயதில் என் பள்ளிக்கு வந்து, ஆறு ஆண்டுகள் என்னிடம் மலாய் படித்தால், பன்னிரண்டு வயதில் இதே போல் பேசுமா? அல்லது, அழகான கட்டுரைகளை எழுதிவிட்டு வாய் மூடி உட்கார்ந்திருக்குமா? இக்கேள்விக்கு நெஞ்சில் கைவைத்து விடை சொல்ல என்னால் முடியவில்லை.

அவர்கள் பணம் செலுத்திவிட்டுப் புறப்பட்டனர். என்ன முடிவெடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் ஒரு சொல்லும் பேசவில்லை. என் உரையில் பாட்டியின் கேள்விக்கு விடை உண்டு; மகனின் கேள்விக்கு இல்லை. அதற்கு விடை சொல்ல வேண்டியது வகுப்பறையில்தான். சொல்ல வேண்டியவர் மலாய்மொழி ஆசிரியர், அதாவது நான்.

புத்தகக் கடைக்குச் சென்றேன். அந்த நூலைப் புரட்டினேன். முதல் கட்டுரை, நான் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவரும் அதே விடுமுறைக் கட்டுரை. நூலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்பினேன்.

திங்கட்கிழமை வகுப்பில் நான்கு மேசைகளை இணைத்துக் கோப்பிக் கடை ஒன்றை அமைத்தோம். மாணவர்கள் வாடிக்கையாளர், பணியாளர் என முறை மாற்றி மலாயில் பேச வேண்டும், எழுதக் கூடாது. அறிவிப்புப் பலகையில் எப்போதும் கட்டுரை இடம்பெறும் மாணவி ஒருத்தி, தட்டைக் கையில் ஏந்தியபடி நெடுநேரம் அமைதியாக நின்றாள். அவள் கண்கள் கலங்கியதைக் கண்டேன். எப்போதும் பின்வரிசையில் தூங்கி வழியும் மாணவனோ, மடமடவென்று பேசி அனைவரையும் அசத்தினான். அவன் மாலை நேரத்தில் தந்தையின் இரவுச் சந்தைக் கடையில் உதவி செய்பவனாம். அவன் பேசத் தெரிந்தவன் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இப்போது வாரத்தில் இரு முறை, 20 நிமிடங்கள், பேச்சு மட்டுமே. பிழை நேர்ந்தால் இடையில் திருத்துவதில்லை. அந்த மாணவி கடந்த வாரம் மூன்று வாக்கியங்கள் பேசினாள். கட்டுரை எழுத நேரம் குறைகிறதே என்று உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் கேட்டார். குறையத்தான் செய்கிறது. புள்ளியும் சற்றுக் குறையலாம்.

பெற்றோர்களே, உங்கள் தயக்கத்தை மொழிப்பற்று இல்லாமை என்று நாங்கள் பலமுறை எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பொறுத்தருளுங்கள். பள்ளிக்கு வாருங்கள். "என் பிள்ளை வகுப்பில் எவ்வளவு பேசுகிறான்?" என்று எங்களைக் கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களே, இவ்வாண்டு துண்டறிக்கையை நீட்டுவதற்கு முன், அவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்போம்.

அக்குடும்பத்தை அக்கடையில் மீண்டும் காண நேர்ந்தால், எழுந்து சென்று வணக்கம் சொல்வேன். உரையாற்ற அன்று, ஒரு நாள் வந்து எங்கள் வகுப்பின் கோப்பிக் கடையைப் பாருங்கள் என்று அழைப்பதற்கு.