பழைய சர்வரை அணைக்கும் முன்...

சின்ன அலுவலகங்களில் சர்வரைப் பார்த்துக்கொள்ள என்று தனி ஆள் இருப்பதில்லை. கணக்கு எழுத வந்தவர்களில் யாருக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரியுமோ, அவர் தலையில் அது விழும். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவர்தான், பாஸ்வேர்ட் மறந்தாலும் அவர்தான். ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் அப்படி மாட்டிக்கொண்ட ஓர் இளைஞரின் கதை இது.

அங்கே பதினான்கு கம்ப்யூட்டர்கள், ஒரே ஒரு சர்வர். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அதற்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இனி பாதுகாப்புத் திருத்தங்கள் இலவசமாக வராது என்று சொல்லி, புதிய சர்வர் வாங்க ஆடிட்டரைச் சம்மதிக்க வைக்கவே அவருக்கு மூன்று மாதம் ஆனது.

"ஓடுற வண்டிய எதுக்கு தம்பி பிரிக்கணும்?"

"நின்னு போனா ரிட்டர்ன் போட முடியாது சார்."

அந்த ஒரு பதிலில்தான் காசோலை கையெழுத்தானது!

2024 பிப்ரவரி 17, சனிக்கிழமை மாலை. புதிய சர்வர் 2022 இயந்திரத்தை நெட்வொர்க்கில் சேர்த்தார். கோப்புகளை எல்லாம் நகல் எடுத்தார். ஃபோல்டர்களைப் பகிர்ந்தார். பழையதை அணைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

திங்கள் காலை எல்லோரும் வழக்கம்போல உள்ளே நுழைந்தார்கள். அதாவது, நுழைந்த மாதிரி இருந்தது. முன்பு நுழைந்தவர்களின் விவரத்தை விண்டோஸ் தன்னிடமே கொஞ்சம் சேமித்து வைத்திருக்கும், அதனால்தான் கதவு திறந்தது. அன்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கோ, அனுமதி தர சர்வரே இல்லை என்ற செய்திதான் வந்தது. பகிர்ந்த ஃபோல்டர் பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தால் மறுத்தது. இன்டர்நெட் இணைப்பு இருந்தும் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் கொண்டுவந்த லேப்டாப்புக்கு முகவரியே கிடைக்கவில்லை. மறுநாள் 20-ஆம் தேதி, ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாள்!

பழைய இயந்திரத்தை இன்னும் யாருக்கும் விற்றுவிடவில்லை என்பதுதான் அவர் அதிர்ஷ்டம். பதினொரு மணிக்கு அதை மறுபடி இயக்கினார். பத்து நிமிடத்தில் எல்லாம் உயிர் பெற்றது. ஆடிட்டர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்ததாம் அவருக்கு.

அவர் செய்த தவறு என்ன? பெட்டியை மாற்றினார், பெட்டி பார்த்துக்கொண்டிருந்த வேலைகளை மாற்றவில்லை. யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்வது டொமைன் கண்ட்ரோலர் வேலை. பெயரைக் கேட்டு முகவரி சொல்வது டிஎன்எஸ். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் முகவரி ஒதுக்குவது டிஎச்சிபி. இவை எல்லாவற்றையும் பழைய சர்வர் ஒற்றை ஆளாகச் செய்துகொண்டிருந்தது. எதையும் யாரும் எழுதி வைக்கவில்லை. அதை நிறுவியவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

அடுத்த மாதம் ரிட்டர்ன் வேலை ஓய்ந்த பிறகு, இரண்டாவது முயற்சி. இந்த முறை இரண்டு சர்வர்களும் சேர்ந்து ஓடட்டும் என்று முடிவு செய்தார். புதியதையும் டொமைன் கண்ட்ரோலர் ஆக்கப் பார்த்தால், அது மறுத்துவிட்டது! காரணம் சுவாரஸ்யமானது. அந்த டொமைன் பிறந்தது சர்வர் 2003 காலத்தில். கண்ட்ரோலர்களுக்குள் கொள்கைக் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள அது இன்னும் எஃப்ஆர்எஸ் என்ற பழைய முறையையே வைத்திருந்தது. சர்வர் 2019 முதல் அந்த முறைக்கு இடமில்லை. முதலில் டொமைனின் நிலையைக் குறைந்தது 2008-க்கு உயர்த்தி, பிறகு டிஎஃப்எஸ்ஆர் என்ற புதிய முறைக்கு மூன்று படிகளில் மாற்ற வேண்டியிருந்தது. இதற்கே ஒரு ஞாயிறு போயிற்று.

ஒரு டொமைனில் எத்தனை கண்ட்ரோலர்கள் இருந்தாலும், ஐந்து பொறுப்புகள் மட்டும் ஒரு சமயத்தில் ஒருவரிடம்தான் இருக்க முடியும். தகவல் பட்டியலின் அமைப்பை மாற்றுவது ஒன்று. டொமைன்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் இன்னொன்று. புதிய பயனர்களுக்கான அடையாள எண்களை 500, 500 ஆகப் பிரித்துக் கொடுப்பது மூன்றாவது. பாஸ்வேர்ட் மாற்றங்களையும் கடிகாரத்தையும் கவனிப்பது நான்காவது. மற்ற டொமைன்களில் இருப்பவர்கள் பற்றிய குறிப்புகளைச் சரியாக வைத்திருப்பது ஐந்தாவது. ஒரே டொமைன் உள்ள அலுவலகத்தில் இந்த ஐந்தாமவருக்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லை. கடிகாரம்தானே என்று நினைக்க வேண்டாம். நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகினால் உள்ளே நுழைவதே சிக்கலாகிவிடும்.

பழைய சர்வர் உயிரோடு இருந்தால், பொறுப்பை அதுவே ஒப்படைக்கும், புதியது பெற்றுக்கொள்ளும். ஐந்துக்கும் சேர்த்துச் சில நிமிடங்கள்தான். பழையது செத்துப்போயிருந்தால் வலுக்கட்டாயமாகப் பறிக்க வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது. ஆனால் பறித்த பிறகு அந்தப் பழைய சர்வரை மறுபடி நெட்வொர்க்கில் விடக் கூடாது. பதவி போனது அதற்குத் தெரியாதே! இரண்டு பேர் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடலாம்.

டேலி லைசன்ஸும் இப்படித்தான். பழைய கம்ப்யூட்டரில் முறையாகச் சரண்டர் செய்துவிட்டுத்தான் புதியதில் இயக்க வேண்டும்.

எல்லாம் மாற்றிய பிறகு பழையதை ஒரு வாரம் அணைத்து வைத்தார். யார் கத்துகிறார்கள் என்று பார்க்கத்தான். முதல் நாளே ஸ்கேனர் கத்தியது, அதில் பழைய சர்வரின் முகவரியை யாரோ கையால் பதித்து வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் வருகைப் பதிவு இயந்திரம். ஒவ்வொன்றையும் சரிசெய்து ஒரு நோட்டில் எழுதினார். அதன் பிறகு பழையதை மறுபடி இயக்கி, முறைப்படி கண்ட்ரோலர் பதவியிலிருந்து இறக்கி, கடைசியாக அணைத்தார். அன்று ஆடிட்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஓடுதா தம்பி?" என்றார். "ஓடுது சார்." அவ்வளவுதான்.

2025-இல் அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. இரண்டு மாத நோட்டீஸ். தன்னை நிறுவியவர் போனதைத் தாங்கிய சர்வர் தன்னையும் தாங்கிக்கொள்ளும் என்று அவர் விட்டுவிடவில்லை. அன்று உள்ளே நுழைய முடியாமல் நின்ற அதே பெண்ணிடம் நோட்டைக் கொடுத்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரைச் சர்வர் முன் உட்கார வைத்தார்.

"நீங்க பண்ணுங்க, தப்பா போனா பக்கத்துலதான் இருக்கேன்."

உங்கள் அலுவலகத்திலோ கல்லூரி ஆய்வகத்திலோ மூலையில் ஓசையிட்டுக்கொண்டு ஒரு பெட்டி இருக்கும். இது இன்று நின்றால் எதெல்லாம் நிற்கும் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் என்றால், அவர் ஊரில் இருக்கும்போதே ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.