மேல்வீட்டுத் தரையும் கீழ்வீட்டுக் கூரையும்

வீட்டிற்கு வருவோர் கூடத்தைப் பார்ப்பர். அடுக்களையையும் எட்டிப் பார்ப்பர். குளியலறையின் கூரையை அண்ணாந்து பார்ப்பவர் எவருமிலர். ஆயினும் ஒரு வீட்டின் நலத்தை அறிய விரும்புவோர் முதலில் நோக்க வேண்டிய இடம் அதுவேயாகும்.

சிங்கப்பூரில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1970-களில் கட்டிய அடுக்குமாடி ஒன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். எங்கள் குளியலறைக் கூரையில் முன்னிருந்தோர் புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பான பூச்சொன்று பூசுவித்திருந்தனர். 2019-ஆம் ஆண்டு அது பொருக்குப் பொருக்காக உதிரத் தொடங்கியது. எண்பது வயது கடந்த என் தாயார் நாள்தோறும் அதன்கீழ் நின்றே நீராடுவார். "விழுவது சுண்ணாம்புதானே, விடப்பா" என்பது அவர் கூற்று. எனக்கோ, பூச்சோடு சிமெண்டுக் கட்டியும் பெயர்ந்து விழுமோ என்னும் அச்சம்.

சாயக்காரர் ஒருவரை அழைத்தேன். அவர் கூரையைத் தட்டிப் பார்த்து, "சாயம் இன்றே பூசலாம், ஐயா, ஆறு மாதத்தில் மறுபடியும் என்னைக் கூப்பிடுவீர்கள். ஈரம் எங்கிருந்து வருகிறதென்று முதலில் பாருங்கள்" என்றார். கைக்கு வந்த கூலியை விடுத்து உண்மையை உரைத்த அவ்வுழைப்பாளியை நான் மறவேன்.

இவ்வாறு உரிதலுக்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு. ஒன்று, குளிக்கும்போது எழும் நீராவி. சன்னல் மூடிக் கிடந்தால் அது கூரையிற் படிந்து பூச்சின் பிடியைத் தளர்த்தும். மற்றொன்று, மேல்மாடித் தரையிலுள்ள நீர்த்தடுப்புப் படலம் நாளடைவில் தேய்ந்து நீர் கசிதல். இது குழாயைச் சுற்றியோ ஓரிடத்திலோ கறையாகத் தோன்றும். எங்கள் கூரையிற் கண்டது இரண்டாவதே. அதைப் புறக்கணித்தால் ஈரமும் காற்றும் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும்.

மேல்வீட்டில் ஒரு சீன மூதாட்டி தனியே வசிக்கிறார். "என் தரை காய்ந்துதானே இருக்கிறது?" என்று கேட்டார். அக்கேள்வியில் பிடிவாதமில்லை, செலவைப் பற்றிய அச்சமே இருந்தது. அவர் தரையும் எங்கள் கூரையும் ஒரே கான்கிரீட்டுத் தளத்தின் இரு முகங்கள். ஆதலின் பழுதுபார்க்கும் பொறுப்பும் இரு வீட்டாருக்கும் பொது என்பது கழகத்தின் விதி. தகுதியுள்ள வீடுகளுக்குக் கழகம் செலவிற் பாதியை ஏற்கும் திட்டமுண்டு. எஞ்சியதை இரு வீட்டாரும் ஆளுக்குக் காற்பங்காகக் கொடுத்தால் போதும். இதை அவர் பேரன் வாயிலாக விளக்கிய பின் மூதாட்டியின் முகம் தெளிந்தது. மேல்தரையில் வேலை நடந்த நாட்களில் அவர் எங்கள் வீட்டிற்கு வந்தே நீராடினார். அவருக்கும் என் தாயாருக்கும் பொதுவாயிருந்தது சந்தை மலாய் ஒன்றே, அதுவே போதுமானதாயிற்று.

பூச்சைச் சுரண்டுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய சொரசொரப்புப் பூச்சுகள் சிலவற்றில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. சிங்கப்பூரில் கட்டடங்களுக்குக் கல்நார் 1989-ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது. அதற்கு முற்பட்ட பூச்சாயின், சோதிப்பித்த பின்னரே கை வைக்க வேண்டும். எங்களதில் இல்லையென்று தெரிந்தபின், சாயக்காரர் நீர் தெளித்து ஊறவைத்துச் சுரண்டினார், பூஞ்சணத்தைக் கழுவினார், நன்கு உலரவிட்டார், அடிச்சாயம் பூசி, பட்டியிட்டுச் சமன் செய்து, இருமுறை மெல்லியதாகச் சாயம் பூசினார். புள்ளிப் பூச்சு இனி வேண்டாமென்றோம். சமமான கூரையிற் கறை தோன்றினால் அன்றே தெரியும்.

அன்பர்களே! கூரையிற் கறை கண்டவுடன் சாய வாளியைத் தேடாதீர். மேல்வீட்டாரோடு பூசலுக்கும் செல்லாதீர். கதவைத் தட்டி முதலில் நலம் விசாரியுங்கள். நீர் வரும் வழியைக் காண்பது அதன்பின் எளிதாகும்.