ஜன்னல சாத்திட்டியா?

லெஸ்டரில் படிக்கப் போன வருஷம் நான் முதலில் பார்த்த வாடகை அறை ஒரு இந்தியருடையது. "கிச்சன்ல நான்வெஜ் கூடாது" என்றார். பிறகு எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், முழுப்பெயர் என்ன என்று வரிசையாகக் கேட்டார். அந்த வரிசை நமக்குத் தெரியாததா, தோழர்களே? அறை வேண்டாம் என்று வந்துவிட்டேன். சாதியை இனப் பாகுபாட்டின் ஒரு கூறாகச் சமத்துவச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று 2013இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. 2018இல் அரசு, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று கைகழுவிவிட்டது.

அடுத்துக் கிடைத்தது ஒரு வெள்ளைக்காரப் பாட்டி வீட்டு மாடி அறை. குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்தான் பீஃப் ஏல் பை செய்யக் கற்றுக்கொடுத்தார்.

கறிக்கடையில் 'ஷின்' என்று கேட்க வேண்டும். கால் கறி, தசைநார் நிறைந்தது, விலை குறைவு. நம் வீட்டில் பப்பாளிக்காய்த் துண்டு போட்டு வேகவைப்போமே, அதே முரட்டுக் கறி. 800 கிராமைப் பெரிய துண்டுகளாக்கி மைதாவில் புரட்டி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிவக்க வறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு வேகுமே தவிர சிவக்காது. அதே சட்டியில் வெங்காயம், கேரட், காளான், கொஞ்சம் தைம். அதன் மேல் 500 மில்லி பிரவுன் ஏல். ஏல் பீரில் ஒரு வகை. கசப்பு அதிகமுள்ளதை ஊற்றினால் வற்ற வற்றக் குழம்பே கசக்கும். மூடி, 160 டிகிரி ஓவனில் இரண்டரை மணி நேரம். அவசரப்பட்டால் ரப்பர்தான், காத்திருந்தால் தசைநார் கரைந்து குழம்பு கெட்டியாகும். நன்றாக ஆறிய பிறகே மேலே மாவை மூட வேண்டும் (நம்ம ஊர் பேக்கரி பஃப்ஸ் மாவுதான்). சூட்டோடு மூடினால் தொளதொளத்துவிடும். ஆவி போக நடுவில் ஓட்டை, மேலே முட்டைப் பூச்சு, 200 டிகிரியில் அரை மணி நேரம்.

பாட்டிக்குத் தெரியாமல் இரண்டு பச்சை மிளகாய் போட்டேன். முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

என் வகுப்பில் இருந்த தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் இதே பையைப் பப்பில் வாங்கிப் படமெடுத்துப் போடுவார். அது 'பிரிட்டிஷ் உணவு'. "ஊர்ல மட்டும் சாப்பிட மாட்டேன்" என்பார். ஏன் என்று கேட்டால் சிரிப்பார். தீண்டாமையின் வேரில் மாட்டுக்கறி இருக்கிறது என்று அண்ணல் 1948இலேயே ஒரு நூலில் வாதிட்டு வைத்திருக்கிறார். கல்லூரியில் அதைப் படித்தபோதுதான் எங்கள் வீட்டுச் சமையலறை எனக்குப் புரிந்தது.

வேலூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவில், ஞாயிறுதோறும் அம்மா முதலில் ஜன்னலைச் சாத்துவார், அப்புறம்தான் ஸ்டவ்வைப் பற்றவைப்பார். கறி வெந்ததும் சாம்பிராணி போடுவார். வீட்டுக்காரர் கேட்டால் "ஆட்டுக்கறி" என்று சொல்ல எனக்கும் தம்பிக்கும் பழக்கியிருந்தார்.

பை வெந்துகொண்டிருந்தபோது கண்ணாடியெல்லாம் ஆவி படிந்துவிட்டது. பாட்டி போய் ஜன்னலைத் திறந்துவிட்டார். நான் வீடியோ காலில் அம்மாவுக்கு ஓவனைக் காட்டினேன்.

"மாட்டுக்கறியா பாப்பா? ஜன்னல சாத்திட்டியா?"

"தெறந்துதான்மா இருக்கு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உப்பு பாத்தியா?" என்று கேட்டார்.